எம் பொண்ணுக்கு ஒரு பிளாஸ்டிக் போட்டு

சொன்னா சிரிப்பீங்க. கடலே இல்லாத ஊர்ல, வருஷத்துல பாதி நாள் வறண்டு கெடக்குற ஏரிங்களுக்கு நடுவுல, நான் ஒரு போட்டு வச்சிருந்தேன். மீன் பிடிக்கிற போட்டு. ஃபைபர் போட்டுன்னு சொல்லணும். ஆனா எங்க தெருவுல அது கடைசி வரைக்கும் 'பிளாஸ்டிக் போட்டு'தான். மீன் மேல ஆசைப்பட்டு வாங்குனேனான்னா, அதுவும் இல்ல. முள்ளுக்குப் பயந்து மீன் குழம்புல குழம்ப மட்டும் ஊத்திக்கிற ஆளு நான். அந்தப் போட்ட நான் வாங்குனது வயித்தெரிச்சல்ல. சுத்தமான, கலப்படமில்லாத வயித்தெரிச்சல்.

யாரு மேலன்னா, என் சகலை மேல. என் பொஞ்சாதியோட அக்காவக் கட்டுனவரு. வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்துல ஒரு ஊரு, ஊரை ஒட்டியே பெரிய ஏரி. மக்காச்சோளம், சின்ன வெங்காயம்னு கொஞ்சம் வெள்ளாமை, மத்த நேரத்துல ஏரியில வலை போட்டு வூட்டுக் குழம்புக்கு மீனு. அவருகிட்ட ஒரு கெட்ட பழக்கம் உண்டு: கோவமே வராது. யாரு என்ன சொன்னாலும் "இருக்கட்டும் சகல, அதுக்கென்ன"தான். கோவமே வராத மனுஷனப் பாத்தா எனக்குக் கோவம் வரும். கல்யாணம் ஆன புதுசுலருந்தே மாமனார் வூட்டுல "பெரிய மாப்ள மாதிரி உண்டா"ன்னு ஒரே பாட்டு. சின்ன மாப்ளன்னு ஒருத்தன் அங்கயே உக்காந்து சோறு தின்னுக்கிட்டு இருக்கான், அது யாரு கண்ணுக்கும் தெரியாது. நான் கொஞ்சம் சத்தமாப் பேசுற ஆளு. பட்டறையில சுத்தியல் சத்தத்துக்கு நடுவுல பேசிப் பேசி அப்படி ஆயிடுச்சுன்னு சொல்லிப் பாத்தேன், ஒருத்தரும் நம்பல.

பட்டறை அரியலூர்ல. சிமெண்ட் லாரிங்களுக்கு டிங்கர் வேலை, பட்டி பாக்குறது, பெயிண்ட் அடிக்கிறது, எழுத்து எழுதுறது எல்லாம் நான்தான். பட்டின்னா, நசுங்குன தகரத்தத் தட்டி நிமித்துன பிறகு மேடு பள்ளம் தெரியாம மேல பூசுற கலவை. காஞ்சதும் தேச்சு பெயிண்ட் அடிச்சா, அடிபட்ட எடம் எதுன்னு அந்த லாரி ஓனராலயே கண்டுபிடிக்க முடியாது. அதுல எனக்குக் கர்வம் உண்டு. காலையில ஆறு மணிக்குப் போனா வூட்டுக்கு வர எட்டு மணி ஆயிடும். வந்ததும் எம் பொண்ணத் தூக்கப் போவேன், அவ மூக்கப் பொத்திக்கிட்டு ஓடுவா. "அய்ய, பெயிண்டு நாத்தம்ப்பா."

எங்களுக்கு ஒரே பொண்ணு. ரெண்டாயிரத்து அஞ்சுல அவளுக்கு எட்டு வயசு, மூணாவது படிச்சா. அக்காவுக்கும் சகலைக்கும் குழந்தை இல்ல. கல்லங்குறிச்சி பெருமாள்லருந்து ஏலாக்குறிச்சி மாதா வரைக்கும் வேண்டிப் பாத்தாச்சு, பன்னெண்டு வருஷம் ஓடிப்போச்சு. அதனால எம் பொண்ணு மேல ரெண்டு பேருக்கும் உசுரு. காலாண்டு லீவு, அரையாண்டு லீவு, முழுப்பரீட்சை லீவு, எதுவா இருந்தாலும் அவ பை கட்டிருவா. சகலை பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுலயே வந்து நின்னு கூட்டிட்டுப் போவாரு. ஏன் அவ்வளவு ஆசைன்னா, அந்த ஏரி. சகலை ஒரு லாரி டியூப்புல காத்தடிச்சு, நடுவுல பலகையக் கட்டி, அதுல உக்காந்துதான் வலை போடுவாரு. இவளயும் மடியில வச்சுக்கிட்டு ஏரிய ஒரு சுத்து சுத்தி வருவாரு. அந்த டியூப்பு எங்கருந்து போச்சுன்னு நெனக்கிறீங்க? என் பட்டறையிலருந்து. பஞ்சர் ஒட்டி, காத்து நிக்குதான்னு பாத்து, கயிறு கட்டிக் குடுத்தவன் நான். என் தலையில நானே மண்ணள்ளிப் போட்டுக்கிட்டேன்.

லீவு முடிஞ்சு வருவா, கருத்துப் போயி, கால்ல சேத்துப் புண்ணோட. வந்ததுலருந்து பெரியப்பா புராணம். "பெரியப்பா கெளுத்தி முள்ளு குத்தாமப் புடிப்பாரு." "பெரியப்பா சோத்த உருட்டிக் குடுத்தா வேற மாதிரி இருக்கும்." "பெரியப்பா தண்ணிக்குள்ள மூச்சுப் புடிச்சு நூறு வரைக்கும் இருப்பாரு." நான் ஒருநாள் குளிக்கிற அண்டாவுல தலைய விட்டு எண்ணிப் பாத்தேன். இருபத்தஞ்சுல புரை ஏறிடுச்சு. என் பொஞ்சாதி பின்னால நின்னு பாத்துட்டா. "உங்களுக்கு என்ன ஆச்சு?"ன்னா. முகம் கழுவுறேன்னு சொன்னேன்.

அந்த வருஷம் காலாண்டு லீவு முடிஞ்சு அவளக் கொண்டு வந்து விட வந்தப்ப, அக்கா மெதுவா ஒரு பேச்ச எடுத்தாங்க. "வர்ற ஜூன்லருந்து பாப்பாவ எங்ககிட்டயே விட்டுருங்களேன் தம்பி. அங்க நல்ல பள்ளிக்கூடம் இருக்கு. இங்க சிமெண்ட் தூசியில எப்பப் பாரு இருமிக்கிட்டே கெடக்குறா." எங்க பக்கம் இது நடக்குறதுதான். குழந்தை இல்லாத அக்கா வூட்டுல தங்கச்சி புள்ள வளர்றது அதிசயமில்ல, யாரும் தப்பாவும் நெனக்க மாட்டாங்க. நான் எம் பொண்ணத் திரும்பிப் பாத்தேன். மாட்டேன்னு சொல்லுவான்னு நெனச்சேன். அவ முறுக்கக் கடிச்சுக்கிட்டே "சரி"ன்னு தலையாட்டுறா. யோசிக்கக் கூட இல்ல. சகலை மட்டும் "அதெல்லாம் அப்பா அம்மா சொல்லணும்டா கண்ணு"ன்னாரு. அந்தப் பெருந்தன்மையப் பாத்ததும் எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வந்துச்சு.

அன்னைக்கு முடிவு பண்ணேன். டியூப்பு என்னய்யா டியூப்பு, எம் பொண்ணுக்கு ஒரு போட்டே கொண்டு வரேன்.

கடல் பொங்கி நாகப்பட்டணம் பக்கம் ஊரு ஊரா அழிஞ்சதுக்கு மறு வருஷம் அது. அங்க வூடு கட்ட அரியலூர்லருந்து சிமெண்ட் லோடு போயிக்கிட்டே இருந்துச்சு. லாரி திரும்பி வர்றப்ப காலியா வரும். எனக்குப் பழக்கமான டிரைவர் ஒருத்தருகிட்ட சொல்லி வச்சிருந்தேன். ரெண்டு வாரத்துல பன்னெண்டு அடி நீளத்துல ஒரு சின்ன ஃபைபர் போட்ட லாரியில போட்டுக் கொண்டு வந்து பட்டறை வாசல்ல எறக்குனாரு. விளிம்பு பூரா விரிசல், உக்கார்ற பலகை இல்ல, அடியில சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு ஓட்டை. "என்ன வெல கேட்டாங்க?"ன்னேன். "ஒண்ணும் கேக்கல. எடுத்துட்டுப் போயிடுங்க, கண்ணுல படாம இருந்தா போதும்னு சொல்லிட்டு போட்டுக்காரரு உள்ள போயிட்டாரு"ன்னாரு. அதக் கேட்ட என் பொஞ்சாதி போட்டுக்குப் பக்கத்துலயே வரல. "யாரு எழவு வுழுந்த பொருளோ. அதுல எம் புள்ளய ஏத்தப் போறீங்களா?"ன்னா. சூடம் காட்டிக்கலாம், சும்மா இருடின்னேன்.

டிரைவர் போறப்ப ஒரு வார்த்த சொன்னாரு. "அங்கல்லாம் இதுக்கு ரெசினும் மேட்டும் வச்சுத்தான் ஒட்டுறாங்கண்ணே. கண்ணாடி நாரு மாதிரி ஒரு துணி. திருச்சியில கெடைக்குமாம்." எனக்கு வந்துச்சே கோவம். இத்தனை வருஷமா இந்த ரோட்டுல ஓடுற லாரியில பாதிக்கு மூஞ்சி வச்சவன் நான். ஒரு ஓட்டைய அடைக்க எனக்கு நாகப்பட்டணத்துலருந்து பாடமா? லாரிக்கு எப்படிப் பாப்பேனோ அப்படியே பாத்தேன். ஓட்டைக்கு மேல தகரத்த வெட்டி வச்சு ரிவிட் அடிச்சேன். உள்ளயும் வெளியயும் பட்டி. தண்ணி ஊத்தி ஊத்தி எமரிக் காயிதம் போட்டுத் தேச்சேன். கைய வச்சுத் தடவுனா குழந்தை கன்னம் மாதிரி இருந்துச்சு. லாரி பாடிப் பலகைய அறுத்து ரெண்டு சீட்டு போட்டேன். பட்டறையில காத்திருந்த லாரிக்காரங்க எல்லாம் திட்டுனாங்க. "என் வண்டிக்கு முன்னாடி கப்பலுக்கு வேலை பாக்குறியா?"

பெயிண்ட் அடிக்கிறப்பத்தான் என் கை என் பேச்சக் கேக்கல. நீலம் அடிச்சேன், மஞ்சப் பட்டை விட்டேன், ரெண்டு பக்கமும் தாமரைப் பூ போட்டேன். முன்னாடி, லாரி நெத்தியில ஓனரோட புள்ளைங்க பேர எழுதுற மாதிரி, எம் பொண்ணு பேர எழுதி நிழல் குடுத்தேன். ஒருத்தி பேருதான், அதனால பெருசாவே எழுதுனேன். பின்பக்கத்துக்கு வந்தேன், வேற ஏதோ நெனப்பு, கை பாட்டுக்கு 'ஒலி எழுப்பவும்'னு எழுதிடுச்சு. எழுதி முடிச்சுப் பாத்தப்பத்தான் தெரிஞ்சுது. அழிக்க மனசு வரல, எழுத்து அவ்வளவு அழகா விழுந்திருந்துச்சு.

ஐப்பசி கார்த்திகையில நல்ல மழை. சகலை ஊரு ஏரி ரொம்பி வழிஞ்சுது. அரையாண்டு லீவுக்கு இந்த வாட்டி எம் பொண்ண நானே கூட்டிக்கிட்டுப் போனேன், போட்ட ஏத்துன லாரியில, முன் சீட்டுல உக்கார வச்சு. என் பொஞ்சாதி பின்னாலயே பஸ்ஸுல வந்து சேந்தா. வழி பூரா அவ பின்னாடி திரும்பித் திரும்பிப் போட்டப் பாத்துக்கிட்டே வந்தா. "எனக்காப்பா? நெஜமாவே எனக்கா?" அந்தக் கேள்விக்கு எத்தனை வாட்டி வேணாலும் பதில் சொல்லலாம்னு இருந்துச்சு.

ஞாயித்துக்கெழம காலையில ஏரிக்கரையில பாதி ஊரு கூடிடுச்சு. "ஹாரன் எங்கங்க இருக்கு?"ங்குறான் ஒருத்தன். "பெர்மிட்டு வாங்குனீங்களா?"ங்குறான் இன்னொருத்தன். சிரிக்கட்டும்னு விட்டேன். சகலை மட்டும் சிரிக்கல. போட்டச் சுத்தி ஒரு வாட்டி நடந்தாரு, குனிஞ்சு அடிப்பக்கத்தக் கட்டை விரலால அழுத்திப் பாத்தாரு. "பிரமாதமாப் பண்ணியிருக்கீங்க சகல. ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே? ரெண்டு நாள் தண்ணியில ஊறப் போட்டுப் பாத்துட்டு ஆள ஏத்தலாமே."

அது நல்ல யோசனைன்னு இன்னைக்குச் சொல்லுவேன். அன்னைக்கு என் காதுல வேற மாதிரி ஏறுச்சு. எம் பொண்ணு முன்னாடி, ஊரு முன்னாடி, என் வேலையில குத்தம் கண்டுபிடிக்கிறாருன்னு தோணுச்சு. "பயமா இருந்தா நீங்க உங்க டியூப்புலயே வாங்க சகல"ன்னேன். "இருக்கட்டும், இருக்கட்டும்"னு ஒதுங்கிட்டாரு.

புது லாரிக்கு டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வைப்போம். இதுக்கு டயரு இல்ல. மூக்குக்கு அடியில வச்சு, சூடம் காட்டி, நசுக்கிக்கிட்டே தண்ணியில தள்ளுனோம். மெதந்துச்சு. கரையில கை தட்டுனாங்க. எம் பொண்ண முன் சீட்டுல உக்கார வச்சேன். "பெரியப்பா வரலயா?"ன்னா. "வெயிட்டு தாங்காதும்மா." "பெரியப்பா ஒல்லியாத்தானே இருக்காரு?" நான் மூங்கில் கழிய ஊனித் தள்ளுனேன்.

முதல்ல போட்டு செக்குமாடு மாதிரி ஒரே எடத்துல சுத்துச்சு. அப்புறம் எப்படியோ நேராப் போச்சு. தண்ணிக்கு நடுவுல நின்ன கருவேல மரத்துல வெள்ளை வெள்ளையா நாரைங்க. அவ கைய நீட்டி எண்ணிக்கிட்டே வந்தா. காத்துல முடி பறக்குது, திரும்பி என்னப் பாத்துச் சிரிக்கிறா. "சூப்பர்ப்பா!" அஞ்சு நிமிஷம் இருக்கும். மூணு மாசமா நெஞ்சுக்குள்ள எரிஞ்சுக்கிட்டு இருந்தது அப்பத்தான் அணைஞ்சுது. கரையில சின்னதா நிக்கிற சகலையப் பாத்து மனசுக்குள்ள சொன்னேன்: பாத்துக்கய்யா.

அப்புறம் கால் ஜில்லுன்னு இருந்துச்சு.

"அப்பா, தண்ணி வருது." "தெறிச்ச தண்ணிம்மா, பேசாம உக்காரு." தெறிச்ச தண்ணி இல்லன்னு எனக்குத் தெரியும். குனிஞ்சு தொட்டேன். நான் தேச்சுத் தேச்சு வழவழன்னு பண்ண பட்டி, டீயில நனைஞ்ச பிஸ்கட்டு மாதிரி கையோட வந்துச்சு. லாரி மழையில நனையும், காயும். தண்ணிக்குள்ளயே நிக்குமா? அது எனக்கு ஏன் தோணலன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. ஃபைபர் வளையுது, தகரம் வளையல, ரிவிட்டு ஒவ்வொண்ணா விடுது. கரையப் பாத்துக் கழிய ஊனுனேன், அடி எட்டல. தண்ணி முழங்காலுக்கு வந்துடுச்சு.

எம் பொண்ணு எந்திரிச்சு நின்னா. என்னை ஒரு வாட்டி பாத்தா. அப்புறம் கரையப் பாத்துத் தொண்டை கிழியக் கத்துனா. "பெரியப்பா! பெரியப்பா! ஓடியாங்க!"

நான் ஒரு கை தூரத்துல இருக்கேன். பெத்த அப்பன். சாகப் போறோம்னு பயம் வரணும்ல? எனக்கு முதல்ல வந்தது அது இல்ல. இந்த நேரத்துல கூட அவரத்தான் கூப்புடுறாளேன்னு நெஞ்சுல ஒரு குத்து. அதோட போட்டு சாஞ்சுது. கலங்கல் தண்ணி வாயிக்குள்ள, மூக்குக்குள்ள, காதுக்குள்ள. யாரோ சட்டைக் காலரப் புடிச்சு இழுத்தாங்க. நெஞ்சுக்கு அடியில ரப்பர் நாத்தம் அடிச்சுது. அவ்வளவுதான் தெரியும்.

கண்ணத் தொறந்தப்ப கரையில கெடக்குறேன். வயித்த அமுக்கித் தண்ணிய எடுத்துருக்காங்க. எம் பொண்ணு சகலை தோள் மேல இருக்கா, கழுத்த ரெண்டு கையாலயும் இறுக்கிக்கிட்டு, முகத்த அவரு தோள்ல பொதைச்சுக்கிட்டு அழுவுறா. அவரு அவ முதுகத் தட்டிக்கிட்டே காதுல என்னமோ சொல்றாரு. அக்கா முந்தானையால அவ தலையத் தொவட்டுறாங்க. பாக்க ஒரு குடும்பம் மாதிரி இருந்துச்சு. நான்தான் வெளி ஆளு, சேத்துல கெடக்குறேன்.

எந்திரிச்சேன். வாயில வந்ததச் சொன்னேன். சொன்னத அப்படியே எழுதிடுறேன், மறைச்சு என்ன ஆவப் போவுது. "எம் பொண்ண எங்கிட்டருந்து பிரிக்கத்தான இத்தனை நாடகமும்? பெத்துக்க வக்கில்லாதவனுக்கு அடுத்தவன் புள்ள மேல எதுக்குய்யா ஆசை?"

அவ தலையத் தொவட்டிக்கிட்டு இருந்த அக்காவோட கை நின்னு போச்சு. சகலை அன்னைக்கு "இருக்கட்டும் சகல"ன்னு சொல்லல. கழுத்துலருந்து அவ கைய ஒவ்வொண்ணா எடுத்து விட்டாரு. கீழ எறக்குனாரு. "போடா கண்ணு, அப்பாகிட்டப் போ"ன்னாரு. ஈரத் துணியோடயே அவள இழுத்துக்கிட்டு பஸ் ஏறுனேன். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுல பன்னு வாங்கிக் குடுத்தேன், வாங்க மாட்டேன்னுட்டா. என் பொஞ்சாதி அரியலூர் வர்ற வரைக்கும் ஜன்னலத்தான் பாத்துக்கிட்டு வந்தா.

அந்த வூட்டுப் பேச்ச யாரும் எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். யாரும் எடுக்கல. ஜூன் வந்துச்சு, எம் பொண்ணு அரியலூர்லயே நாலாவது போனா. நான் ஜெயிச்சுட்டேன். ஆனா ஜெயிச்ச மாதிரியே இல்ல. லீவுக்கு வூட்டுல உக்காந்து டிவி பாப்பா. பெரியப்பா புராணம் நின்னு போச்சு. அப்பா புராணமும் ஆரம்பிக்கல. கேட்டா பதில் சொல்லுவா, அவ்வளவுதான்.

நடுவுல ஒருநாள் வெங்காய லோடு ஏத்திக்கிட்டு வந்த வண்டியில போட்டு வந்து எறங்குச்சு. "ஏரி வத்துனதும் எடுத்தாராம், உங்க சகலை குடுத்து விட்டாரு"ன்னான் டிரைவரு. சேறு ஒரு துளி இல்லாமக் கழுவி, மூங்கில் கழியையும் சேத்துக் கட்டி அனுப்பியிருந்தாரு. வேற சேதி ஒண்ணும் இல்ல. பட்டறை ஓரமாக் கவுத்துப் போட்டேன். அதுக்கடியில நாய் குட்டி போட்டுச்சு. 'ஒலி எழுப்பவும்' மட்டும் அப்படியே பளிச்சுன்னு இருந்துச்சு, அதப் படிக்காம ஒருத்தனும் அந்தப் பக்கம் போகல. "என்னண்ணே, கப்பல் எப்பக் கெளம்புது?"

மழைக்காலம் திரும்ப வந்தப்ப எனக்குப் பொறுக்கல. தோத்த வேலை கண்ணு முன்னாடியே கெடந்தா எந்தத் தொழிலாளிக்கும் சோறு எறங்காது. திருச்சிக்குப் போயி ரெசினும் மேட்டும் வாங்கிட்டு வந்தேன். பட்டி பூராவையும் சுரண்டி எடுத்தேன், தகரத்தப் புடுங்கி எறிஞ்சேன். ஓட்டையச் சுத்தித் தேச்சு, மேட்ட வெட்டி வச்சு, ரெசினத் தடவி, அது மேல இன்னொரு மேட்டு, உள்ள மூணு, வெளிய மூணு. அந்தத் தூசி பட்டு உடம்பெல்லாம் அரிப்பு. இந்த வாட்டி சிமெண்ட் தொட்டியில ரொப்புன தண்ணியப் போட்டுக்குள்ள ஊத்தி நாலு நாள் விட்டேன். ஒரு சொட்டு கசியல.

கடைசிப் பூச்சு பூசுன அன்னைக்கு சனிக்கெழம. எம் பொண்ணு எனக்கு சாப்பாடு கொண்டு வந்தவ, போகாம ஒரு டயரு மேல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தா. ஒரு வருஷமா தொண்டையில நின்னுக்கிட்டு இருந்தத அன்னைக்குக் கேட்டுட்டேன். "ஏம்மா, அன்னைக்குத் தண்ணியில நான் பக்கத்துலதானே இருந்தேன். ஏன் பெரியப்பாவக் கூப்ட்ட?"

இது கூடத் தெரியாதாங்குற மாதிரி பாத்தா. "உனக்குத்தான் நீச்சல் தெரியாதேப்பா."

"உனக்கு மட்டும் தெரியுமா?"

"தெரியும். அதுக்கு முந்துன லீவுலயே பெரியப்பா கத்துக் குடுத்துட்டாரு. உங்கிட்ட சொன்னேன்ல, நீ டிவி பாத்துக்கிட்டு இருந்த. நான் நீந்தியே கரைக்கு வந்துட்டேன். பெரியப்பா டியூப்ப எடுத்துட்டு வந்து உன்னத்தான் இழுத்தாரு. நீ கண்ணே முழிக்கல. செத்துட்டன்னு நெனச்சுட்டேன்." டயரு ரப்பர நகத்தால சுரண்டிக்கிட்டே சொன்னா. "நான் அழுதேன்ல, அப்ப பெரியப்பா என்னத் தூக்கிக்கிட்டு, அப்பாவுக்கு ஒண்ணும் ஆவாது, அப்பாவுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு."

பிரஷ்ல இருந்த ரெசின் கட்டியாப் போச்சு. பொய் சொல்ல மாட்டேன், அப்பவும் எனக்கு முதல்ல வந்தது வெக்கம் இல்ல. நீச்சலக் கூட அவருதான் கத்துக் குடுத்தாரான்னு ஒரு எரிச்சல்தான் வந்துச்சு. பாத்துக்கங்க என் லட்சணத்த. வெக்கம் அதுக்குப் பின்னால வந்துச்சு. வந்தது இன்னும் போகல.

அடுத்த ஞாயித்துக்கெழமயே லாரி புடிச்சு போட்ட ஏத்துனேன். மன்னிச்சுருங்கன்னு சொல்ற வாய் எனக்குக் கெடையாது. போட்டக் குடுத்துடலாம், எம் பொண்ண லீவுக்கு விட்டுட்டு வரலாம், அவருக்குப் புரியும்னு நெனச்சேன். சேதிய சொன்னதும் எம் பொண்ணு ராத்திரியே பை கட்டிட்டா. என் பொஞ்சாதி மட்டும் என்னமோ சொல்ல வந்து, சொல்லாம, "நானும் வரேன்"னா.

சகலை ஏரிக்கரையிலதான் இருந்தாரு. லாரியப் பாத்ததும் எந்திரிச்சு வந்தாரு. ஒரு வருஷம் நடுவுல போகாத மாதிரி, "வாங்க சகல"ன்னு கையப் புடிச்சாரு. நான் போட்டக் காட்டி, "உங்களுக்குத்தான். இந்த வாட்டி ஊறப் போட்டுப் பாத்துட்டேன்"னேன். அவரு சிரிச்சாரு. அப்பத்தான் அவரு காலுக்குப் பின்னாலருந்து ஒரு சின்னப் புள்ள எட்டிப் பாத்துச்சு. நாலு வயசு இருக்கும். கால்ல சேறு, கையில உயிரோட ஒரு கெண்டைக் குஞ்சு. "அப்பா, அது என்னப்பா? லாரியாப்பா?"ன்னு அவரு வேட்டியப் புடிச்சு இழுத்துச்சு.

அவரு தம்பிக்கு மூணு பொண்ணு. கடைசிப் பொண்ண இவங்ககிட்ட வளக்க விட்டு ஏழெட்டு மாசம் ஆச்சாம். என் பொஞ்சாதிக்குத் தெரிஞ்சிருக்கு. அந்த வூட்டுப் பேச்சே கூடாதுன்னு சொன்னவன் நான்தானே, யாரு எங்கிட்ட சொல்லுவா.

போட்டத் தண்ணியில எறக்குனோம். கெண்டைக் குஞ்சோட அந்தப் புள்ள யாரும் சொல்லாமலே முன் சீட்டுல போயி உக்காந்துக்கிச்சு. சகலை கழிய எடுத்துக்கிட்டு எம் பொண்ணப் பாத்தாரு. குரல்ல அதே பாசம், ஒரு பிடி கொறையல. "ஏறுடா கண்ணு. பாப்பாவுக்குப் பக்கத்துல உக்காரு, இடம் இருக்கு."

எம் பொண்ணு ஏறல. நின்ன எடத்துலயே நிக்கிறா. உதட்ட இறுக்கிக்கிட்டு, மூக்கு நுனி செவந்து, கண்ணு அந்தச் சின்னப் புள்ளய விட்டு நகரல. அந்தப் பார்வைய எனக்கு நல்லாத் தெரியும். அது எப்படிச் சுடும்னு தெரியும், எந்த எடத்துல சுடும்னு தெரியும். என் மூக்கு இல்ல அவளுக்கு, என் நெறம் இல்ல, எல்லாமே அவ அம்மா வூட்டுச் சாயல். எங்கிட்டருந்து அவ எடுத்துக்கிட்டது இது ஒண்ணுதான், அதையும் நான்தான் கையில எடுத்துக் குடுத்திருக்கேன்.

சகலை இன்னொரு வாட்டி கூப்ட்டாரு. அவ திரும்பி வந்து என் கைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டா.

"நம்ம வூட்டுக்குப் போலாம்ப்பா."

எத்தனை லீவுல, எத்தனை பஸ் ஸ்டாண்டுல நான் அவ வாயிலருந்து கேக்க ஏங்குன வார்த்தை. சரிம்மான்னு சொல்ல எனக்கு வாய் வரல.